செக் வைத்த அரசன்: ஓர் ஆங்கிலச் சொல்லின் எல்லாப் பொருளையும் வேரோடு பிடிக்க முழுமையான வழிகாட்டி

'செக் பண்ணிச் சொல்கிறேன்' என்கிறோம். செக் எழுதித் தருகிறோம். செக் போட்ட சட்டை வாங்குகிறோம். செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்துகிறோம். யாராவது அதிகம் ஆடினால் அவருக்குச் 'செக் வைக்கிறோம்'. ஒரே ஒலி, ஆனால் ஒன்றுக்கொன்று ஒட்டாத வேலைகள்.

தமிழில் இந்தக் குழப்பமே இல்லை. சரிபார்த்தல், காசோலை, கட்டம், சோதனைச் சாவடி, முற்றுகை என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல். அதனால்தான் ஆங்கில அகராதியில் செக் என்ற சொல்லுக்கு நேரே பத்துப் பதினைந்து பொருள்கள் வரிசைகட்டி நிற்கும்போது நமக்குத் தலை சுற்றுகிறது. மனப்பாடம் செய்யலாம் என்று தோன்றும். செய்ய வேண்டாம். இவை அத்தனையும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு யாரோ ஒருவர் ஏதோ ஒரு தேவைக்காகச் சொல்லைத் தூக்கிப் போயிருக்கிறார். அந்தத் தேவையைக் கண்டுபிடித்துவிட்டால் பொருள் தானாக நினைவில் நிற்கும்.

செக் என்ற சொல்லை வைத்து அந்த வேலையைப் படிப்படியாகச் செய்து காட்டுகிறேன். முறை பிடிபட்டுவிட்டால் எந்தச் சொல்லுக்கும் இதையே செய்யலாம்.

படி 1: அகராதியை மூடி வையுங்கள்

முதலில் உங்களுக்குத் தெரிந்த பயன்பாடுகளை எல்லாம் ஒரு தாளில் கொட்டுங்கள். பொருளை எழுத வேண்டாம், வாக்கியமாக எழுதுங்கள். 'செக் என்றால் சோதனை' என்று எழுதினால் அது உங்களைத் தவறான வழியில் இழுத்துப் போகும். 'டாக்டரிடம் செக்கப் போனேன்', 'ஹோட்டலில் செக்-இன் செய்தேன்', 'பெட்டியைச் செக்-இன் லக்கேஜில் போட்டேன்' என்று எழுதினால் ஒவ்வொன்றிலும் என்ன நடக்கிறது என்பது கண்ணில் படும்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மொழிபெயர்க்கத் தொடங்கிய காலத்தில் ஐஸ் ஹாக்கி பற்றிய ஒரு செய்தியில் 'பாடி செக்' என்று வந்தது. யோசிக்காமல் 'உடல் பரிசோதனை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த ஆட்டத்தில் பாடி செக் என்றால் பந்துக்குப் பதில் ஆடப்படும் வட்டை வைத்திருக்கும் எதிரணி ஆட்டக்காரர் மேல் உடம்பால் மோதி அவரை நிறுத்துவது. ஆட்டக்காரர்கள் மைதானத்தின் நடுவே ஒருவரையொருவர் மருத்துவப் பரிசோதனை செய்துகொண்டதாக என் மொழிபெயர்ப்பு சொன்னது.

உங்கள் பட்டியல் தீர்ந்த பிறகு அகராதியைத் திறந்து, விட்டுப்போனதைச் சேருங்கள். செக் விஷயத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது அமெரிக்கப் பயன்பாடுகள்தான். சாப்பிட்டு முடித்ததும் வரும் பில்லுக்கு அங்கே செக் என்று பெயர். நாம் 'டிக்' என்று சொல்லும் குறி அவர்களுக்குச் செக் மார்க். ஒரு பட்டியலை வாசிக்கும்போது 'இருக்கிறது, சரி' என்று பதில் சொல்லவும் 'செக்' என்பார்கள்.

படி 2: கட்டுகளாகப் பிரியுங்கள்

இப்போது ஒவ்வொரு வாக்கியத்திடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இங்கே யார், எதை, என்ன செய்கிறார்? ஒரே மாதிரிப் பதில் வருபவற்றை ஒன்றாகக் கட்டுங்கள். செக்குக்கு எனக்கு ஐந்து கட்டுகள் கிடைத்தன.

செஸ் ஆட்டத்தில் அரசனைத் தாக்குவது ஒன்று. எதையாவது நிறுத்துவது, அடக்கி வைப்பது அடுத்தது. ஹாக்கி மோதல் இங்கே வரும். சரிபார்ப்பது மூன்றாவது, செக்கப், செக்லிஸ்ட், டிக் குறி எல்லாம் இதற்குள் அடங்கும். துணியில் இருக்கும் கட்டம் நான்காவது. கையில் கொடுக்கப்படும் ஒரு சீட்டு கடைசி. வங்கிச் செக்கும் உணவக பில்லும் பெட்டிக்குக் கிடைக்கும் டோக்கனும் இதில் சேரும்.

ஹோட்டல் செக்-இன் எங்கே போகும்? பெயரைப் பதிவேட்டில் சரிபார்த்து ஏற்றுக்கொள்வதால் மூன்றாவதில் போட்டேன். சோதனைச் சாவடி இரண்டாவதிலும் வரும், மூன்றாவதிலும் வரும்; வண்டியை நிறுத்தவும் செய்கிறார்கள், பார்க்கவும் செய்கிறார்கள். இப்படி இரண்டு கட்டுக்கும் நடுவே தொங்கும் உதாரணத்தைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு பொருள் இன்னொரு பொருளாக மாறிய இடம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

படி 3: வேரைப் பின்னோக்கிப் படியுங்கள்

நல்ல அகராதிகளில் சொல்லின் பிறப்பு பற்றி ஒரு சிறு குறிப்பு இருக்கும். பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி இதற்கென்றே பிறந்தது எனலாம். 1884இல் அதன் முதல் பகுதி வெளிவந்தது, 1928இல்தான் முழுமை அடைந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அது எழுத்தில் தென்பட்ட பழைய சான்றிலிருந்து தொடங்கி, ஆண்டு வாரியாக மேற்கோள்கள் தந்திருப்பார்கள். மெரியம் வெப்ஸ்டர் அகராதியும் பழைய பொருளை முதலில் வைக்கிறது. மாணவர்களுக்கான அகராதிகள் பலவும் அதிகம் புழங்கும் பொருளையே முதலில் வைக்கும். ஆகவே 'முதலில் இருப்பதுதான் மூலப் பொருள்' என்று எண்ணிவிடாதீர்கள்; எந்த அகராதி எந்த வரிசையைப் பின்பற்றுகிறது என்பதை முன்னுரையில் பாருங்கள்.

செக் பற்றிய குறிப்பைச் சுருக்கினால் இப்படி வரும். ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, அங்கே 'எஸ்செக்'. அதற்கு முன் இடைக்கால லத்தீனில் 'ஸ்காக்குஸ்'. அதற்கு முன் அரபியில் 'ஷா'. அரபிக்கு அது பாரசீகத்திலிருந்து வந்தது. பாரசீகத்தில் ஷா என்றால் அரசன்.

ஆம், ஈரானின் ஷாவேதான். செஸ் ஆடும்போது எதிராளியின் அரசனைத் தாக்கினால் 'ஷா!' என்று குரல் கொடுப்பார்கள். 'உன் அரசனைப் பார்' என்ற எச்சரிக்கை அது. அந்தக் கூவல்தான் ஐரோப்பாவுக்குப் போய்ச் செக் ஆனது. 'எதிராளிக்குச் செக் வைத்துவிட்டான்' என்று நாம் சொல்லும்போது, நமக்கே தெரியாமல் மூலப் பொருளுக்கு மிக அருகில் நிற்கிறோம்.

ஒலி எப்படி இவ்வளவு மாறியது என்ற சந்தேகம் வர வேண்டும். வராவிட்டால் நீங்கள் கதை கேட்கிறீர்கள், ஆராயவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேறு சொற்களில் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்காக்குஸ் எப்படி எஸ்செக் ஆனது? சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்க', 'ஸ்ட' போன்ற கூட்டொலி வந்தால் பிரெஞ்சும் ஸ்பானிஷும் முன்னால் ஒரு எகரத்தைச் சேர்த்துக்கொண்டன. லத்தீனின் 'ஸ்கோலா' ஸ்பானிஷில் 'எஸ்குவேலா' ஆனது அப்படித்தான். இதில் நமக்கு வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஸ்கூலை 'இஸ்கூல்' என்றும் ஸ்டேஷனை 'இஸ்டேஷன்' என்றும் சொன்ன நம் பாட்டிமார்கள் செய்ததும் இதே வேலைதான்! ஆங்கிலம் பிறகு அந்த எகரத்தை உதறிவிட்டது. எஸ்டேட் என்ற சொல் ஸ்டேட் ஆனதும், எஸ்குவயர் என்பது ஸ்குவயர் ஆனதும் இதே உதறல்தான்.

இன்னும் கீழே தோண்டினால் ஈரானில் பெஹிஸ்தூன் பாறையில் ஏறக்குறைய கி.மு. 520 வாக்கில் பொறிக்கப்பட்ட, பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸின் கல்வெட்டு வரும். அதில் அவர் தன்னை அரசன், அரசர்களின் அரசன் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். அங்கே அரசனுக்கு உள்ள சொல் ஏறக்குறைய 'க்ஷாயதிய'. காலப்போக்கில் தேய்ந்து தேய்ந்து ஷா ஆனது அதுதான். வடமொழியின் 'க்ஷத்ர' அதற்கு உறவு. நாம் சத்திரியர் என்று சொல்வதும் அந்த வழியில் வந்தது. காசோலையும் சத்திரியரும் தூரத்துச் சொந்தம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

படி 4: சகோதர மொழிகளிடம் சாட்சி கேளுங்கள்

ஒரு மொழியை மட்டும் நம்ப வேண்டாம். அதே பொருளுக்குப் பக்கத்து மொழிகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். செஸ் ஆட்டத்துக்கு ஜெர்மனில் 'ஷாக்', ரஷ்ய மொழியில் 'ஷாக்மத்தி'. இரண்டிலும் ஷா தெளிவாகத் தெரிகிறார். பிரெஞ்சில் 'எஷெக்' என்ற பன்மை செஸ்ஸைக் குறிக்கிறது; ஒருமையில் அதே சொல்லுக்குத் 'தோல்வி' என்றும் பொருள் உண்டு. ஆங்கிலத்தில் செஸ் என்ற பெயரே பழைய பிரெஞ்சில் இதே சொல்லின் பன்மை வடிவத்திலிருந்து வந்ததுதான். அதாவது செஸ்ஸும் செக்கும் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பிகூட இல்லை, ஒரே ஆளின் ஒருமையும் பன்மையும்.

ஸ்பானிஷ் மட்டும் தனி வழியில் போகிறது. அங்கே செஸ்ஸுக்கு 'அஹெத்ரெஸ்' என்று பெயர். யானை, குதிரை, தேர், காலாள் என நான்கு உறுப்பு கொண்ட படை என்ற பொருளில் அமைந்த சதுரங்கம், பாரசீகத்தில் 'சத்ரங்' ஆகி, அரபியில் 'ஷத்ரஞ்ச்' ஆகி, ஸ்பெயினில், அரபிப் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் 'அல்' என்ற சுட்டோடு சேர்ந்து அஹெத்ரெஸ் ஆனது. ஆக ஐரோப்பாவில் பல மொழிகள் ஆட்டத்துக்கு அரசனின் பெயரை வைக்க, ஸ்பானிஷும் போர்த்துக்கீசும் படையின் பெயரை வைத்திருக்கின்றன.

படி 5: ஒவ்வொரு கண்ணியையும் இணையுங்கள்

இதுதான் வேலையின் இதயம். நேரம் இருந்தால் பாதியை இதற்கே ஒதுக்குங்கள்.

முதல் தாவல் எளிது. அரசனுக்குச் செக் விழுந்தால் வேறு எந்தக் காய் நகர்த்தும் திட்டமும் செல்லாது. ஓடுகிற ஆட்டம் அங்கே சட்டென்று நிற்கும். முதலில் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் செக் என்பது பலகையை விட்டு இறங்கி, எதையும் திடீரென்று தடுத்து நிறுத்துவதைக் குறிக்கத் தொடங்கியது. 'கீப் இன் செக்' என்றால் அடக்கி வைப்பது என்பதும், என் மானத்தை வாங்கிய ஹாக்கி மோதலும் இந்தக் கிளைதான்.

தடுப்பது எப்படிச் சரிபார்ப்பது ஆனது? இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். கணக்குப் பிள்ளை ஒருவர் தனியாகக் கணக்கு எழுதினால் கை நீளலாம். இன்னொருவர் அதே கணக்கை வேறொரு ஏட்டில் எழுதி வந்தால், அந்த இரண்டாவது ஏடு முதலாமவருக்கு ஒரு தடை. தடையாக இருக்க அது செய்ய வேண்டிய வேலை, முதல் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. தடை என்ற நோக்கம் மெல்ல மறந்து, ஒப்பிடும் செயலே சொல்லின் பொருளாகிவிட்டது. சரிபார்ப்பது என்ற வினைப்பொருள் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுத்தில் தென்படுகிறது. இன்று நாம் ஒரு நாளில் பத்து முறை சொல்லும் 'செக் பண்ணு' இந்தக் குடும்பத்தில் கடைக்குட்டிகளில் ஒன்று.

இந்த விளக்கம் வளைத்துக் கட்டியது என்று தோன்றினால் கன்ட்ரோல் என்ற சொல்லைப் பாருங்கள். அதன் மூலப் பொருளே 'எதிர்ச் சுருள்', அதாவது கணக்கைச் சரிபார்க்க வைத்திருக்கும் இரண்டாவது பிரதி. அங்கே சரிபார்ப்பு அடக்கியாள்வதாக மாறியது. செக்கில் அடக்குவது சரிபார்ப்பாக மாறியது. ஒரே பாதை, எதிரெதிர்ப் பயணம்.

அடுத்தது கட்டம். இது 'ஷா!' என்ற கூவலிலிருந்து நேராக வரவில்லை, செஸ் பலகையிலிருந்து வந்தது. பலகையைக் குறித்த பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் 'செக்கர்' ஆகி, கட்டம் கட்டமான எந்த வடிவத்தையும் குறித்தது. அதன் சுருக்கம்தான் செக் சட்டையில் இருக்கும் செக். நாம் 'டிராஃப்ட்ஸ்' என்று கற்ற ஆட்டத்தை அமெரிக்கர்கள் 'செக்கர்ஸ்' என்பதும் பலகையால்தான்.

அதே பலகை இன்னொரு பக்கம் அரசுக் கருவூலத்துக்குள் நுழைந்தது. எனக்குப் பிடித்த பகுதி இது. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்டுக்கு இரு முறை, ஒவ்வொரு பகுதியிலும் அரசனுக்காக வரி திரட்டிய ஷெரிஃப்கள் வந்து கணக்கு ஒப்படைக்க வேண்டும். கருவூல அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் இறுதியில் எழுதத் தொடங்கிய நூலில் அந்தக் காட்சி அப்படியே இருக்கிறது. ஏறக்குறைய பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. அதன் மேல் கோடுகள் இட்ட கறுப்புத் துணி. ரோமன் எண்களை எழுதிக் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்று நாணயக் கணக்கு வேறு. அதனால் பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒரு பத்தி, பவுண்டுக்கு ஒரு பத்தி என்று பிரித்து, வட்டுகளை வைத்து நகர்த்திக் கணக்குப் பார்த்தார்கள். பார்ப்பதற்குச் செஸ் பலகை மாதிரி இருந்ததால் அந்த இடத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் விழுந்தது. தோற்றம் மட்டும் காரணமில்லை என்கிறார் ஃபிட்ஸ்நீல்; அந்த மேசையில் கருவூலத் தலைவரும் ஷெரிஃபும் எதிரெதிரே மோதுவதும் செஸ் போர் போலத்தானாம். பிரிட்டன் நிதியமைச்சருக்கு இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்றே பட்டம்.

அந்தக் கருவூலத்தில் ரசீது என்பது ஒரு குச்சி. தொகைக்கு ஏற்றபடி வெட்டுக் குறி போட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். பிறகு இரண்டையும் ஒட்ட வைத்தால் குறிகள் பொருந்த வேண்டும். தேவையற்றுப் போன அந்தப் பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16இல் உலையில் போட்டு எரித்தபோது தீ பரவி, லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே பெரும்பாலும் எரிந்து போனது. சரி, நம் சொல்லுக்கு வருவோம்.

காகிதம் வந்த பிறகும் அதே பாதிப் பாதி யோசனை தொடர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்றால் பணம் தரச் சொல்லும் தாள் இல்லை; அதைக் கிழித்த பிறகு கையில் நிற்கும் அடிக்கட்டை. போலித் தாள் வந்தால் அடிக்கட்டையோடு வைத்துச் சரிபார்க்கலாம், மோசடியைத் தடுக்கலாம். பிறகு பெயர் அடிக்கட்டையிலிருந்து தாளுக்கே தாவிவிட்டது. பிரிட்டனில் எக்ஸ்செக்கரின் செல்வாக்கால் அதற்கு 'க்யூ' எழுத்து வரும் நீண்ட எழுத்துக்கூட்டல் 19ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. அமெரிக்கர்கள் பழைய குட்டை வடிவத்தையே வைத்துக்கொண்டார்கள். நமக்கு பிரிட்டன் வடிவம் பழகியதால், வங்கிச் செக்கும் மற்றச் செக்கும் வேறு சொற்கள் என்ற மயக்கம் கூடுதலாக இருக்கிறது.

இரண்டு பாதி பொருந்த வேண்டும் என்ற இந்த எண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. ரயிலில் பெட்டியை ஒப்படைத்தால் பெட்டியில் ஒரு வில்லை, உங்கள் கையில் ஒரு வில்லை. அது பேக்கேஜ் செக். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்க டிக்கெட்டின் துண்டு செல்லும். 1880களில் அமெரிக்காவில் வழக்கில் வந்த அதற்கு ரெயின் செக் என்று பெயர். இப்போது யாராவது விருந்துக்குக் கூப்பிடும்போது 'ரெயின் செக்' என்றால், 'இன்னொரு நாள் வருகிறேன்' என்று பொருள். மழைக்கும் அதற்கும் ஒட்டே இல்லை.

படி 6: போலி உறவுகளைக் களையுங்கள்

ஒலி ஒன்றாக இருப்பதால் உறவு என்று நம்பிவிடக் கூடாது. செக் குடியரசின் பெயர் அந்த மக்கள் தங்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ஷாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எண்ணெய் ஆட்டும் நம் செக்கும் அப்படித்தான்.

செக்மேட்டில் வரும் மேட், நண்பன் என்ற பொருள் தரும் மேட் இல்லை. அது 'ஷா மாத்' என்பதன் பின்பாதி. 'மாத்' அரபியில் 'இறந்தான்' என்று பொருள்படும். அதனால் 'அரசன் இறந்தான்' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பாரசீகத்தில் அதே சொல்லுக்கு வழியற்றுத் திகைத்துப் போன நிலை என்று பொருள். எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது. செஸ்ஸில் அரசன் வெட்டுப்படுவதே இல்லை. நகர வழியின்றி நிற்கும்போது ஆட்டம் முடிந்துவிடுகிறது.

படி 7: வேறொரு சொல்லில் கை வையுங்கள்

முறை உங்களுக்கு வந்துவிட்டதா என்று பார்க்கப் 'போர்டு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கேரம் போர்டு, கரும்பலகையான பிளாக்போர்டு, கீபோர்டு, போர்டு மீட்டிங், போர்டிங் ஸ்கூல், போர்டிங் பாஸ் எல்லாம் நமக்குப் பழக்கம்தான். பழைய ஆங்கிலத்தில் போர்டு என்றால் மரப்பலகை. பலகையில் கால் வைத்தால் மேசை. மேசையில் என்ன வைப்பார்கள், மேசையைச் சுற்றி யார் உட்காருவார்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டால் போர்டிங் ஸ்கூலும் போர்டு மீட்டிங்கும் வந்துவிடும். போர்டிங் பாஸில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது: கப்பலின் பக்கவாட்டைக் குறித்த ஒரு போர்டும் அந்தக் காலத்தில் உண்டு, அது பிறப்பில் தனிச் சொல்லாக இருந்து பலகைப் போர்டோடு கலந்தது என்று அகராதிகள் சொல்கின்றன. படி 6ஐ அங்கே நினைவில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.